ஸ்டாப் மோஷன் ஆரம்பப் பெட்டி: ஒரு நத்தை, 384 படங்கள், ஐந்துக்கு இரண்டரை

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்: ஐந்துக்கு இரண்டரை. களிமண்ணுக்கு ஒன்று, ரிமோட்டுக்கு அரை. மீதி ஒன்று கருணை மதிப்பெண், இந்தப் பெட்டி கைக்கு வராமல் போயிருந்தால் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம் எடுத்து, எல்லாவற்றையும் அடுக்கி ஓட்டுகிற இந்த ஸ்டாப் மோஷன் வேலையில் நான் இறங்கியே இருக்க மாட்டேன் என்பதற்காக.

பெட்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தேடிப் பார்த்தால் இதே மாதிரிப் பெட்டிகள் பல பெயர்களில், பல அட்டைப்படங்களோடு வருகின்றன, சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவதில் நியாயமில்லை. என்னுடையதில் இருந்தவை: ஒரு சாண் உயர ட்ரைபாட், போனைக் கவ்வும் கிளிப், வளைய லைட் ஒன்று, ப்ளூடூத் ரிமோட், 12 நிறக் களிமண், ஒரு சுருள் கம்பி, மூன்று பின்னணி அட்டைகள், 8 பக்கக் கையேடு, அவர்களுடைய ஆப்பைத் திறக்க ஒரு குறியீடு. மூடியில் ஒரு சிறுவன் களிமண் டைனோசரைத் தொட்டுக்கொண்டு சிரிக்கிறான், அவன் தலைக்கு மேலே "ஒரு மணி நேரத்தில் உங்கள் முதல் படம்" என்று போட்டிருக்கிறது. எனக்கு ஐந்து வார இறுதிகள் ஆயின. படத்தின் நீளம் 32 வினாடி.

கணக்கு எளிதானதுதான், அதைப் பெட்டிமேல் போட்டால் விற்காது, அவ்வளவுதான். சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். ஸ்டாப் மோஷனில் பெரும்பாலும் எடுத்த ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்திவிடுவார்கள், ஆக நொடிக்கு 12 படம் எடுத்தால் போதும். 32 வினாடிக்கு 384 படம். ஒவ்வொன்றுக்கும் பொம்மையை நகர்த்தி, கையை வெளியே எடுத்து, நிழல் விழுகிறதா என்று பார்த்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, ஷட்டரை அழுத்த ஒரு நிமிடம் என்று வைத்தாலே ஆறு மணி நேரத்துக்கு மேல் போகிறது, அதுவும் எதுவுமே கெடாமல் நடந்தால். கெடும். கையேடு நொடிக்கு 5 படம் போதும் என்கிறது, ஆப்பும் அதில்தான் திறக்கிறது. சோதனைக்கு அது சரி, ஆனால் 5-இல் எடுத்தால் எந்த உருவமும் விக்கல் எடுத்தது போலத்தான் நகரும். வாங்கியவர்கள் முதல் வேலையாக அந்த எண்ணை 12-க்கு மாற்றிவிடுங்கள்.

இனி ட்ரைபாட். என் கோபத்தில் பாதி இதன் மேல்தான்.

முதல் வார இறுதியில் ஒரு மனித பொம்மை செய்து நடக்க வைக்கப் பார்த்தேன், அது நிற்கவே மறுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது வாரம் கால் இல்லாத பிராணியே மேல் என்று ஒரு நத்தை. கதை இவ்வளவுதான்: ஒரு நத்தை மேசையில் கிடக்கும் சட்டைப் பொத்தானைப் பார்க்கிறது, தள்ளுகிறது, நகரவில்லை, மறுபடி தள்ளுகிறது, பொத்தான் உருண்டு போய்விடுகிறது, நத்தை அது போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து 90 படம் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், நத்தை பரவாயில்லை, ஆனால் மேசை, சுவர், பொத்தான் எல்லாமே மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன, ஏதோ லிஃப்டில் வைத்து எடுத்த மாதிரி. ட்ரைபாடின் தலைப்பகுதியில் இருக்கும் பந்து மூட்டு போனின் எடையைத் தாங்காமல் மயிரிழை மயிரிழையாகச் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. படத்துக்குப் படம் பார்த்தால் தெரியவே தெரியாது. வேகமாக ஓட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

இது மற்ற வேலைக்குப் பெரிய குறை கிடையாது. வீடியோ காலுக்கோ செல்ஃபிக்கோ இதே ட்ரைபாடை வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த வேலையே எது நகர வேண்டுமோ அது மட்டும் நகர்ந்து, மற்ற எதுவும் இம்மிகூட அசையாமல் இருப்பதில்தான் நிற்கிறது. அதற்கென்றே விற்கிற பெட்டியில் அசையாமல் நிற்கத் தெரிந்த ஒரு பொருள்கூட இல்லை என்பதுதான் என் புகார். நிறுவனத்துக்கு எழுதினேன். படம் எடுக்கும்போது ட்ரைபாடைத் தொடாமல் இருக்கவும் என்று பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

நான் செய்த மாற்று இதுதான். பந்து மூட்டே வேண்டாம். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே போனைச் செங்குத்தாகச் செருகி, இரண்டு பக்கமும் கட்டி, புத்தகங்களின் மேல் இன்னும் நாலு புத்தகம் ஏற்றி, அடியில் போஸ்டர் ஒட்டுவதற்கு வரும் பிசைந்தால் இளகுகிற அந்தப் பசையை உருட்டி நான்கு மூலையிலும் வைத்து அமுக்கிவிட்டேன். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். அசையவில்லை. மேசையின் காலுக்கு அடியிலும் அட்டை மடித்து வையுங்கள், ஏனென்றால் ஆடுகிற மேசையில் ட்ரைபாட் எவ்வளவு கெட்டியாக நின்றும் பிரயோசனமில்லை. பொம்மை நிற்கிற பலகையை மேசையோடு ஒட்டிவிடுங்கள். உங்கள் நாற்காலியை மட்டும் ஒட்ட வேண்டாம்.

அப்புறமும் நத்தை நடுங்கியது. தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்ணா, அதுக்குக் குளிருதா? இப்படி நடுங்குது" என்றாள். உற்றுப் பார்த்தால் நத்தை மட்டும் இல்லை, முழு ஃப்ரேமுமே ஒன்றிரண்டு புள்ளி அளவுக்கு இங்கும் அங்கும் குதிக்கிறது. இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் போனது. பல போன்களில் கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸே உள்ளுக்குள் மிதந்தபடி இருக்கும். ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் அது மிகச் சரியாக ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை. சாதாரணப் படத்தில் இது தெரியாது, 90 படத்தை அடுக்கி ஓட்டினால் தெரியும். பின்பக்கம் இரண்டு மூன்று கேமரா இருக்கும் போன் என்றால் எல்லாக் கேமராவிலும் இந்த வசதி இருக்காது, இல்லாத கேமராவுக்கு மாறிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன், நடுக்கம் நின்றது. இன்னொன்று, சில போன்கள் பொருளுக்குக் கிட்டப் போனதும் தானாகவே அகல லென்ஸுக்குத் தாவிவிடும், நடுக்காட்சியில் அப்படித் தாவினால் நத்தை ஒரே நொடியில் உருமாறியது போல இருக்கும். அதற்கான ஆட்டோ அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள். இதில் ஒரு வரிகூடக் கையேட்டில் கிடையாது. 8 பக்கத்தில் இரண்டு பக்கம் பாதுகாப்பு எச்சரிக்கை, ஒரு பக்கம் களிமண்ணைத் தின்னாதீர்கள்.

வளைய லைட்டைப் பற்றி நல்லதாக ஒன்றிரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். சார்ஜ் சீக்கிரம் ஏறுகிறது. சரி, இனி மற்றது. பேட்டரியில் ஓடும்போது சார்ஜ் இறங்க இறங்க வெளிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மூன்று மணி நேரம் எடுத்த காட்சியை ஓட்டினால் பத்து வினாடியில் அந்தி சாய்ந்துவிடுகிறது, நடுவில் சார்ஜ் போட்டீர்கள் என்றால் பளிச்சென்று விடிந்துவிடுகிறது. கேபிளைச் செருகியே வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் வேறொன்று வரும்: மங்கலான வெளிச்ச அளவில் வைத்தால் இந்த மாதிரி மலிவு எல்இடிகள் உண்மையில் மங்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. ஷட்டர் வேகமாக இருந்தால் ஒரு படம் எரியும்போது மாட்டும், அடுத்தது அணையும்போது மாட்டும், முடிவில் படம் முழுக்கச் சிமிட்டல். லைட்டை முழு வெளிச்சத்தில் வைத்து, ஷட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடி போல நீட்டிவிட்டேன், அந்த நேரத்துக்குள் பல தடவை அணைந்து எரிந்துவிடுவதால் எல்லாப் படத்திலும் சராசரி ஒன்றாகிவிடுகிறது. அசையாத பொருளைத்தானே எடுக்கிறோம், ஷட்டர் எவ்வளவு மெதுவாக இருந்தால் நமக்கு என்ன. இதற்கு அப்புறமும் அந்த லைட்டை நான் கைவிட்டதற்குக் காரணம் நத்தையின் கண். கண்ணுக்குப் பளபளப்பான கறுப்பு மணி வைத்திருந்தேன், இரண்டு கண்ணிலும் வட்டமாக ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது, ஏதோ மந்திரித்துவிட்ட நத்தை போல.

இரண்டு சாதாரண மேசை விளக்குகள், ஒரே ரக பல்பு, ஒன்று பக்கவாட்டில் கிட்டே, இன்னொன்று எதிர்ப்பக்கம் தள்ளி, முன்னால் மெல்லிய வெள்ளைக் காகிதம். போதும். ஜன்னலை மட்டும் திரை போட்டு மூடிவிட வேண்டும். பகல் வெளிச்சம் அழகானதுதான், ஆனால் ஒரு மேகம் கடந்தால் அது உங்கள் படத்தில் அரை நொடியில் கடக்கும். போனில் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) மூன்றையும் பூட்டுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நத்தையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் போன் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டி எல்லாவற்றையும் திருத்தி எழுதும். இதையெல்லாம் செய்தும் எனக்கு லேசாக ஒரு மினுக்கல் மிச்சம் இருந்தது. கடைசியில் குற்றவாளி நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை, நான் முன்னால் சாயும்போது விளக்கு அதில் பட்டுச் செட்டின் மேல் திரும்பி விழுந்திருக்கிறது. கறுப்பு டீஷர்ட் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் அதே இடத்தில் போய் நின்றுகொண்டு அழுத்தினேன், தீர்ந்தது.

அந்த அழுத்துவதற்கு ரிமோட் உதவியது, அதற்குத்தான் அரை மதிப்பெண். போனை விரலால் தொட்டாலே நகரும், அதனால் ரிமோட் இல்லாமல் இந்த வேலை முடியாது. ஏன் முழு மதிப்பெண் இல்லை என்றால், சில நிமிடம் சும்மா இருந்தால் இது தூங்கிவிடுகிறது. பொம்மையின் நிலையைச் சரிசெய்ய அஞ்சு நிமிடம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் முதல் அழுத்தலுக்கு ஒன்றும் நடக்காது, இரண்டாவது அழுத்தலுக்குச் சில சமயம் இரண்டு படம் விழும். பழைய ஒயர் இயர்போன் வீட்டில் கிடந்தால், அதில் ஒலியைக் கூட்டும் பொத்தான் பல போன்களில் ஷட்டராக வேலை செய்யும், அதைச் செருகிப் பாருங்கள், அது தூங்காது.

களிமண் நன்றாக இருக்கிறது. எண்ணெய் கலந்த ரகம், காற்றில் காயாது, ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் பிசையலாம். காற்றில் காய்கிற களிமண்ணை இதற்கு வாங்கிவிடாதீர்கள், நடுப்படத்தில் வெடிக்கும். 12 நிறமும் பளிச்சென்று இருக்கிறது, அளவுதான் குறைவு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒவ்வொரு குச்சி, நத்தையின் உடம்புக்கே ஒரு நிறம் முழுக்கக் காலி. சிவப்பு கையில் ஒட்டிக்கொண்டு எதைத் தொட்டாலும் இளஞ்சிவப்பாக்கும், அதனால் வெள்ளையில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே ஈரத் துடைப்பானால் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டில் இளகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கைச்சூடு, விளக்கின் சூடு இரண்டும் சேர்ந்து நத்தையின் கண் காம்புகள் பத்துப் பதினைந்து படத்துக்குள் வாடிய பூப்போலத் தொங்கின. உள்ளே கம்பி வைத்துத் திரும்பச் செய்தேன், இடைவேளை விடும்போது நத்தையை ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும், அது காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம், நத்தையின் ஓட்டையும் முதலில் இதே களிமண்ணில்தான் செய்தேன். நத்தை சும்மா நிற்கிற காட்சியில்கூட ஓடு கொதிக்கிற மாதிரி இருந்தது, ஒவ்வொரு முறை பிடித்து நகர்த்தும்போதும் என் கைரேகை புதிதாகப் பதிகிறது, அதுதான். இது பழைய நோய். 1933-இல் வந்த கிங் காங் படத்தில் அந்தக் குரங்கின் ரோமம் காரணமே இல்லாமல் நெளிந்துகொண்டிருக்கும். பொம்மைக்குப் போர்த்தியிருந்தது முயல் ரோமம், அந்தப் பொம்மைக்கு அசைவு கொடுத்த வில்லிஸ் ஓ'ப்ரையனும் அவருடைய ஆட்களும் தொட்ட இடமெல்லாம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு மாதிரி கலைந்துகொண்டே போனது. அதைப் பார்ப்பவர்கள் மிருகத்துக்குக் கோபத்தில் மயிர் சிலிர்க்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியும். என் நத்தையின் ஓட்டுக்கு அப்படி ஒரு சாக்குச் சொல்ல வழியில்லை. காகிதக் கூழில் ஒரு ஓடு செய்து, காயவைத்து, பளபளப்பு இல்லாத பெயிண்ட் அடித்து, அடியில் ஒரு குண்டூசி வைத்து உடம்பில் குத்திக்கொண்டேன். ஓடு அசையாமல் உடம்பு மட்டும் நெளிந்தபோது அந்தக் கைரேகைகூட உயிருள்ள தோல் போல நன்றாகவே இருந்தது.

கம்பி தண்டம். மெல்லியது, மேலே பிளாஸ்டிக் பூச்சு வேறு, வளைத்தால் பாதி திரும்பி வந்துவிடுகிறது. முதல் வாரத்து மனித பொம்மை விழுந்துகொண்டே இருந்ததற்கு இதுவும் காரணம். எலும்புக்கூடு செய்ய மென்மையான அலுமினியக் கம்பி வேண்டும், வளைத்தால் வளைத்த இடத்திலேயே நிற்பது, அதிலும் ஒற்றை இழையாகப் போடாமல் இரண்டு மூன்று இழையை முறுக்கிப் போட வேண்டும். முட்டி, முழங்கை தவிர்த்த இடங்களில் காய்ந்தால் கல்லாக இறுகும் எபாக்சி புட்டி பூசிவிட்டால் கம்பி வளைய வேண்டிய இடத்தில் மட்டும் வளையும். என்ன செய்தாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்தால் ஒரு நாள் ஒடியும், கையும் காலும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துவைத்தால் ஒடிந்த அன்று அழ வேண்டியதில்லை. நிற்க வைப்பதற்கு, பாதத்துக்குள் ஒரு நட்டைப் புதைத்து, ஓட்டை போட்ட பலகைக்கு அடியிலிருந்து போல்ட்டால் முடுக்குவதுதான் தொழில்முறைக்காரர்கள் வழி. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது நத்தை. இல்லாவிட்டால் புழு. நடைக்கு இரண்டு கால், சமநிலை, இடுப்பு, தோள் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும், முதல் படத்திலேயே அது வேண்டாம்.

அல்லது பொம்மையே வேண்டாம். காகிதத்தில் வெட்டிய உருவங்களை மேசையில் படுக்க வைத்து மேலிருந்து எடுத்தால் விழுவதற்கு ஒன்றுமே இல்லை. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926-இல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற முழுநீளப் படத்தையே கறுப்பு அட்டையில் வெட்டிய நிழலுருவங்களை வைத்து முடித்தார், உறுப்புகளைக் கம்பியால் மூட்டுப் போட்டு, கண்ணாடி மேல் கிடத்தி, அடியிலிருந்து வெளிச்சம் விட்டு. பெட்டிக்காரர்கள் இதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை, அவர்களுடைய ட்ரைபாடால் கீழ்நோக்கிப் பார்க்கவே முடியாது, தலையைக் கவிழ்த்தால் மொத்தமும் குப்புற விழுகிறது.

பின்னணி அட்டைகளுக்கு ஒரு வரி போதும்: வழுவழுப்பு, விளக்கு பட்டால் கண்ணைக் கூசும், பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருப்பதால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆப். பெட்டியோடு வருவது குறியீடு போட்டால் திறக்கிறது, திறந்த பிறகும் முடித்த படத்தின் மூலையில் அவர்கள் முத்திரையைக் குத்துகிறது. ஆனியன் ஸ்கின் இருக்கிறது, அதாவது முந்தைய படத்தைக் கண்ணாடித்தாள் போல மேலே மங்கலாகக் காட்டுவது, இது இல்லாமல் எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரியாது. ஆனால் எக்ஸ்போஷரைப் பூட்ட வழி இல்லை, அதோடு நான் அதை விட்டேன். மாறியது ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்ற ஆப்புக்கு. இலவசப் பதிப்பிலேயே தொடங்கிவிடலாம், ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் கையால் வைத்துப் பூட்ட முடிகிறது, ஆனியன் ஸ்கின்னின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்க முடிகிறது, நடுவில் ஒரு ஃப்ரேமை அழிப்பதும் நகலெடுப்பதும் இரண்டு தட்டு. பெரிய ஸ்டூடியோக்கள் ட்ராகன்ஃப்ரேம் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு அதோடு கேமராவை இணைத்து எடுக்கிறார்கள், நமக்கு இப்போதைக்கு அவ்வளவு வேண்டாம்.

ஆனியன் ஸ்கின் என்னைக் காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. 147-ஆவது படம். பொத்தானுக்குப் பின்னால் நத்தையைச் சரிசெய்துவிட்டு எழுந்தபோது முழங்கை புத்தகக் கோபுரத்தில் பட்டது. மேல் புத்தகம் இரண்டு சரிந்தன, போன் திரும்பிவிட்டது. முந்தைய படத்தை மங்கலாக வைத்துக்கொண்டு, போனை நூல் அளவு நூல் அளவாக நகர்த்தி, மேசை விளிம்பு பழைய விளிம்போடு, பொத்தானின் நான்கு ஓட்டைகள் பழைய ஓட்டைகளோடு ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்வரை முக்கால் மணி நேரம். ஓட்டைகள் உட்கார்ந்தன, மேசை விளிம்பு கடைசிவரை உட்காரவில்லை. அப்புறம் உறைத்தது, இதற்கு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும், அந்த இடத்தில் காட்சியையே வெட்டி நத்தையின் முகத்துக்குக் கிட்டப் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? அப்படித்தான் செய்தேன். படத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே க்ளோஸப் அதுதான்.

பெட்டி சொல்லித்தரத் தவறியதில் பெரியது, நகர்த்துவது எப்படி என்பது. "சிறிது நகர்த்தவும், படம் எடுக்கவும், திரும்பச் செய்யவும்" என்று மட்டும் இருக்கிறது. நானும் அப்படியே, படத்துக்கு 5 மில்லிமீட்டர் வீதம், சீராக. ஓட்டிப் பார்த்தால் நத்தை நகரவில்லை, யாரோ கயிறு கட்டி இழுக்கிறார்கள். உயிருள்ளது எதுவும் சட்டென்று முழு வேகத்தில் கிளம்பாது, சட்டென்று நிற்காது. அடுத்த முறை ஃப்ரேமுக்கு வெளியே, கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதில் பென்சிலால் கோடு போட்டேன்: 1, 2, 4, 6, 6, 6, 4, 2, 1 மில்லிமீட்டர் என்று. அதைப் பார்த்தே நகர்த்தினேன். வித்தியாசம் கண்ணில் அடிக்கிற மாதிரி இருந்தது.

அதற்கு மேலேயும் கொஞ்சம் விளையாடினேன். முதலில் கழுத்து மட்டும் இரண்டு மூன்று படத்துக்கு நீளும், ஓடு அங்கேயே நிற்கும், அப்புறம் ஓடு பின்னால் இழுபட்டு வரும். அவ்வளவுதான் செய்தது, ஓட்டுக்கு எடை வந்துவிட்டது. பொத்தானைத் தள்ளுவதற்கு முன் நத்தை எதிர்த் திசையில் கொஞ்சம் பின்வாங்கி, இரண்டு படம் நின்று, பிறகு முன்னால் வந்து முட்டும்போது உடம்பு குறுகித் தடித்துப்போக வேண்டும், அப்போதும் பொத்தான் நகரக் கூடாது. பொத்தான் வெறும் பிளாஸ்டிக், ஊதினால் பறக்கும். படத்தில் அது பாறாங்கல் மாதிரி இருக்கிறது.

கடைசியில் நத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒரு தப்பு செய்தேன். ஒரே படத்தை 24 தடவை நகலெடுத்து ஒட்டினேன், இரண்டு வினாடி. நத்தை செத்துப்போனது போல இருந்தது, படமே நின்றுவிட்டதோ என்று பார்ப்பவர்கள் போனைத் தட்டினார்கள். அதே இடத்தைத் திரும்ப எடுத்தேன், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதிதாக ஒரு படம், நடுவில் ஒரு கண் காம்பு மட்டும் மூன்று படத்துக்கு அரை மில்லிமீட்டர் தாழ்ந்து திரும்ப எழும். இப்போது அது யோசிக்கிறது.

ஒலியைக் கடைசியில் சேர்த்தேன், வசனம் இல்லாததால் பிழைத்தேன். வசனம் வைப்பதென்றால் குரலை முதலில் பதிவு செய்து, எந்த ஃப்ரேமில் எந்த எழுத்து என்று எழுதிக்கொண்டு, அதற்கேற்ப வாய்களை மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். நத்தை ஊர்கிற சத்தத்துக்கு ஈரத் துணியைத் தட்டில் மெல்லத் தேய்த்தேன்.

அப்போ வாங்கலாமா? போன் வைத்திருக்கும் பெரியவர்கள் யாருக்கும் இது தேவையில்லை. எண்ணெய்க் களிமண்ணைத் தனியாக, இதைவிடப் பெரிய கட்டியாக வாங்குங்கள், முறுக்க அலுமினியக் கம்பி கொஞ்சம், ஒரு ரிமோட், கறுப்புச் சட்டை, கனமான புத்தகங்கள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க என்றால் யோசிக்கலாம், பிரித்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும், அதுவும் ஒரு பயன்தான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து போனை அசையாமல் கட்டிக்கொடுக்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரக் கதையை மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள், ஒரு மணி நேரத்தில் மூன்று வினாடி வரும், அந்த மூன்று வினாடியையே பத்துத் தடவை ஓட்டிப் பார்க்கும், அது போதும்.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று: ரிமோட்டுக்குள் இருப்பது 2032 ரக வட்ட பேட்டரி. எனக்கு வந்ததில் உயிர் பாதிதான் இருந்திருக்க வேண்டும், பொத்தான் உருளத் தொடங்கிய மூன்றாவது படத்தில் நின்றுவிட்டது. அடுத்த பேட்டரி வரும்வரை இரண்டு நாள் அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.